சிகிச்சைப் பாதை பயன் தருகிறதா? விலகல் பகுதியைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் மருத்துவக் குழுவில் ஒருங்கிணைந்த சிகிச்சைப் பாதை ஒன்றை உருவாக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? அது பயன் தருகிறதா என்று எப்படி மதிப்பிடுவது?

ஒரே வகை நோயாளிகளுக்கு எப்போது, யார், என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர், செவிலியர் எல்லோரும் சேர்ந்து எழுதிவைக்கும் திட்டப் படிவம்தான் சிகிச்சைப் பாதை. இடுப்பு எலும்பு முறிந்து வரும் முதியவர்களுக்காக எங்கள் குழு இப்படி ஒரு பாதையை எழுதியபோது, செவிலியர்கள் சார்பில் நான் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

படிவத்தைக் கையில் எடுக்கும் முன் நோயாளியின் கூடவே இருந்து பாருங்கள். அவசரப் பிரிவுக்குள் வந்தது முதல் வீடு திரும்பும் வரை யார் எப்போது வந்தார்கள், எதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேரைக் கவனித்தாலே நிறையத் தெரிந்துவிடும். எங்கள் முதல் வரைவில் அறுவைக்கு முந்தைய பட்டினி பற்றி ஒரே வரிதான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால், அறுவை தள்ளிப்போன செய்தி வார்டுக்கு வந்து சேராமல் ஒரு பாட்டி நாள் முழுக்க வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். தள்ளிவைத்தால் யார், யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும் என்ற வரி அதன் பிறகுதான் சேர்ந்தது.

அடுத்தது, பலரும் வெறுமையாக விட்டுவிடும் விலகல் பகுதி. திட்டமிட்டது நடக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதும் இடம் அது. என்னைக் கேட்டால் பாதையின் உயிரே அங்குதான் இருக்கிறது. அறுவைக்கு மறுநாள் நோயாளியை எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் பாதை. பிசியோதெரபிஸ்ட் எழுதியிருந்த விலகல்களில் ‘நடக்க மறுத்தார்’ என்பதே திரும்பத் திரும்ப வந்தது. எல்லோரும் முதுமையின் பிடிவாதம் என்றுதான் நினைத்தோம். மருந்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: பிசியோதெரபிஸ்ட் வருவது காலை ஒன்பது மணிக்கு, வலி மாத்திரை கொடுப்பது பத்து மணிக்கு. மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றினோம். பலர் எழுந்து நின்றார்கள்.

மதிப்பீட்டுக்குப் படிவங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று எண்ணுவது போதாது. பாதை தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களின் கணக்கைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். ஒப்பிட வேறு வழியில்லை. அறுவைக்கான காத்திருப்பு, படுக்கைப் புண், நோயாளி நடந்த நாள், மீண்டும் வந்து சேர்ந்தவர்கள் என நாலைந்து அளவுகளே போதும். எதிர்பார்ப்பும் அளவோடு இருக்கட்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010இல் வெளியிட்ட மீளாய்வு, சிகிச்சைப் பாதைகள் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனையில் நேரும் சிக்கல்கள் குறைந்ததும் பதிவேடுகள் மேம்பட்டதும் அதில் தெரிந்தன. இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

இங்கிலாந்தில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்காக உருவான லிவர்பூல் பாதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது அது. சில இடங்களில் கட்டங்களை நிரப்பும் வேலையாகச் சுருங்கியதையும், குடும்பத்தாருக்குத் தெரிவிக்காமலே பின்பற்றப்பட்டதையும் 2013இல் ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான குழு கண்டறிந்தது. 2014இல் அது கைவிடப்பட்டது. அதைப் படித்த பிறகு எங்கள் படிவத்தில் ‘குடும்பத்தாரிடம் பேசியாயிற்று’ என்றிருந்த கட்டத்தை எடுத்துவிட்டு, அவர்கள் என்ன கேட்டார்கள், நாங்கள் என்ன சொன்னோம் என்று கைப்பட எழுத நான்கு வரி இடம் விட்டோம்.