பச்சை முனையும் கறுப்பு முனையும்: கவசம் துளைக்கும் தோட்டாக்கள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் ராணுவத்தின் கவசம் துளைக்கும் ரைபிள் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகிறதா என்பதுதான் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. டெக்சாஸில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் பல ஆண்டுகள் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அங்கே யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிறார்களே, உண்மையா? (மதுரை வாசகர்)

பாதி உண்மை. 1986 ஆகஸ்டில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், கவசம் துளைக்கும் தோட்டாக்களைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. அரசுக்கும் ஏற்றுமதிக்கும் சோதனைக்கும் விலக்கு உண்டு. ஏற்கெனவே ஒருவர் கையில் இருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கவில்லை. சில மாநிலங்கள் தனியே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

சிக்கல் வரையறையில் இருக்கிறது. குண்டோ (தோட்டாவில் இருந்து பறந்து செல்லும் முனைப் பகுதி) அதன் உட்கருவோ முழுவதும் எஃகு, டங்ஸ்டன் கலவை, பித்தளை போன்ற கடின உலோகங்களால் ஆனதாக இருக்க வேண்டும். அதோடு அது கைத்துப்பாக்கியில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ரைபிளில் மட்டுமே போகும் குண்டு எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் இந்த வலைக்குள் வராது.

கைத்துப்பாக்கியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? (சேலம், சட்டக் கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. 1960களில் ஒஹாயோவில் ஒரு மருத்துவரும் காவல், விசாரணைப் பணியில் இருந்த இருவரும் சேர்ந்து ‘கே.டி.டபிள்யூ.’ என்ற தோட்டாவை உருவாக்கினார்கள். காரின் கதவுக்குப் பின்னால் பதுங்கும் குற்றவாளியைப் போலீஸ் எதிர்கொள்வதற்காகச் செய்தது அது. 1982-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, போலீஸார் சட்டைக்குள் அணியும் கவச உடையையும் அது துளைக்கும் என்று ஊருக்கே சொல்லிவிட்டது. நியூயார்க் போலீஸில் பணியாற்றியிருந்த மரியோ பியாஜி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தடை கோரிப் போராடினார்.

எந்தக் குண்டு கவச உடையைத் துளைக்கிறதோ அதைத் தடை செய்வோம் என்ற யோசனையும் அப்போது வந்தது. ஆனால் மான் வேட்டைக்குப் போகிறவரின் சாதாரண ஈயக் குண்டும் ரைபிளில் இருந்து கிளம்பினால் அந்த மென்கவசத்தைத் துளைத்துவிடும். அப்படியானால் வேட்டைத் தோட்டா எதுவுமே மிஞ்சாது. அதனால்தான் உலோகத்தையும் கைத்துப்பாக்கியையும் வைத்து எல்லை போட்டார்கள்.

பச்சை முனைத் தோட்டா என்பது என்ன? (ஆஸ்டினில் இருந்து ஒரு பொறியாளர்)

முனையில் பச்சை வண்ணம் பூசிய தோட்டா. ராணுவப் பெயர் எம்855. அளவு 5.56 மில்லிமீட்டர், குண்டின் எடை 62 கிரெயின், அதாவது சுமார் 4 கிராம். முன்பக்கம் சிறு எஃகுக் கூம்பு, அதன் பின்னே ஈயம், மேலே செம்பு உறை. ராணுவம் இதைச் சாதாரணத் தோட்டா என்றுதான் வகைப்படுத்துகிறது. அவர்களுடைய உண்மையான கவசம் துளைப்பான் டங்ஸ்டன் கார்பைடு உட்கரு கொண்ட எம்995.

1986-இலேயே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையான ஏ.டி.எஃப். பச்சை முனைக்கு விளையாட்டுப் பயன்பாடு என்று விலக்களித்தது. பிறகு அதே தோட்டாவைச் சுடும் குட்டைக் கைத்துப்பாக்கிகள் கடைக்கு வந்தன. 2015 பிப்ரவரியில் விலக்கை நீக்கப் போவதாகத் துறை அறிவித்தவுடன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. மார்ச் மாதமே பின்வாங்கிவிட்டது. இன்றும் அது கடையில் கிடைக்கிறது.

ரஷ்யத் தோட்டாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 5.45 மில்லிமீட்டர் 7என்6 தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்று இருப்பது தெரிந்ததும் 2014-இல் இறக்குமதி நின்றது. தோட்டா மாறவில்லை, அதைச் சுடும் ஆயுதம்தான் புதிது. வலிமையை அளக்காமல் ஆயுதத்தை வைத்து வரையறுத்ததன் விளைவு இது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பயிற்சித் தளங்களில் தோட்டாவில் காந்தம் வைத்துப் பார்ப்பார்களாமே, எதற்காக? (அதே பொறியாளர்)

எஃகு குண்டு எங்கள் இரும்பு இலக்குகளில் குழி பறிக்கும். பொறி பறந்து காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும். அதனால் வருகிறவர்களின் பெட்டியைத் திறந்து, ஒரு தோட்டாவை எடுத்து, முனையில் காந்தத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ‘டக்’கென்று ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் காந்தம் ஒட்டியதாலேயே அது கவசம் துளைக்கும் குண்டு ஆகிவிடாது. மலிவான தோட்டாக்களில் உள்ளே வெறும் ஈயமும் வெளியே மெல்லிய எஃகு உறையும் இருக்கும். அதிலும் காந்தம் ஒட்டும்.

போலீஸ் கவசம் எதைத் தாங்கும்? (திருச்சி, ஓய்வு பெற்ற காவலர்)

ஐயா, தினமும் அணியும் மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும்தான். ரைபிளுக்குத் தனித் தகடு வேண்டும். அமெரிக்க அரசின் 2008-ஆம் ஆண்டுக் கவசத் தரநிலையின் உச்சமான நான்காம் நிலைத் தகட்டைச் சோதிப்பது, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கறுப்பு முனை கொண்ட, கவசம் துளைக்கும் எம்2 தோட்டாவால்தான். வேகம் வினாடிக்கு 878 மீட்டர். அந்தக் கறுப்பு முனைக்கும் 1986-இல் விலக்குக் கிடைத்தது என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

ராணுவத்தின் பழைய இருப்பு வெளியே வந்ததாகக் கேள்விப்பட்டேன். (சென்னை வாசகர்)

வந்தது. ராணுவம் கழித்துக்கட்டக் கொடுத்த 12.7 மில்லிமீட்டர் தோட்டாக்களை ஒப்பந்ததாரர் புதுப்பித்துப் பொதுமக்களுக்கு விற்றார். கவசம் துளைத்துத் தீயும் வைக்கும் வகை உட்பட. 1999-இல் விசாரணை அறிக்கை வெளியான பிறகுதான், மீண்டும் பயன்படாதபடி சிதைக்காமல் தரக் கூடாது என்று ராணுவ நிதிச் சட்டத்தில் நிபந்தனை சேர்த்தார்கள். மக்கள் வரிப்பணத்தில் செய்த பொருள் அதுவரை இப்படிப் போனதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

எங்கள் வீட்டு உரிமையாளர், பழைய சிப்பாய், ஒரு தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டு இறந்துபோனார். முனைகள் கறுப்பாக இருக்கின்றன. என்ன செய்வது? (அமெரிக்காவில் வசிக்கும் வாசகி)

கைவைக்காதீர்கள் அம்மா. குழந்தைகளை அண்டவிடாதீர்கள். போலீஸைக் கேட்காமல் காரில் ஏற்றிக்கொண்டும் போகாதீர்கள். உள்ளூர் காவல் நிலையத்தின் அவசரமல்லாத எண்ணை அழைத்துப் பழைய ராணுவத் தோட்டா இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துப் போவார்களா, நீங்கள் கொண்டு வர வேண்டுமா என்று தெளிவாகக் கேட்டுவிட்டு அதன்படி செய்யுங்கள்.