ஒரே குகைல சாம்பிள் எடுத்தா போதுமா?

எம்.எஸ்சி விலங்கியல் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "வவ்வால் ஊர் ஊரா பறக்குறது, ஜீன் எல்லாம் எப்படியும் கலந்துதானே கிடக்கும், ப்ராஜெக்டுக்கு ஒரே குகைல 20 சாம்பிள் எடுத்தா போதாதா சார்?"

போதாது தம்பி. பறக்குறது வேற, கலக்குறது வேற.

டெக்ஸாஸ்ல சான் அன்டோனியோ பக்கம் பிராக்கன் குகைனு ஒண்ணு, கோடைல ஒன்றரை கோடிக்கு மேல வவ்வால் அடையும், பெரும்பாலும் தாயும் குட்டியும்தான், குளிர் வந்தா மெக்சிகோவுக்குக் கிளம்பிடும். அதுங்க டிஎன்ஏவ பார்த்தா நீங்க சொல்ற மாதிரியேதான், எது எந்தக் குகைனு பிரிக்கவே முடியல. சரி அப்ப எல்லாமே இப்படித்தான்னு நினைச்சா, தென்னாப்பிரிக்கால நீள்விரல் வவ்வாலும் குளிர்காலக் குகைக்கும் குட்டி போடுற குகைக்கும் நடுவுல வருஷா வருஷம் 100 கிலோமீட்டருக்கு மேலயே போய் வருது, ஆனா 2003ல வந்த ஆய்வுல ஜீன்படி மூணு தனிக் கூட்டமா பிரிஞ்சு நின்னுச்சு, றெக்கை அமைப்புல கூட வித்தியாசம்! எங்க போனாலும் பிறந்த வீட்டுக்கே பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்க மாதிரினு வெச்சுக்கங்க.

அதனால குறைஞ்சது நாலஞ்சு குகையாவது பாருங்க. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க, அது தாய்வழிக் கதை மட்டும்தான் சொல்லும், ஆண் வவ்வால் வேற கூட்டத்துல போய் சேர்ந்ததெல்லாம் அதுல தெரியாது, மைக்ரோசாட்டிலைட்டும் (தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் இருந்து வர்ற, திரும்பத் திரும்ப வரும் சின்ன டிஎன்ஏ துண்டுகள்) சேர்த்துப் பண்ணுங்க.

எப்ப எடுக்குறீங்கங்கறதும் முக்கியம். குளிர்காலக் குகைல பல ஊர்க் கூட்டமும் ஒண்ணா தொங்கும், அங்க எடுத்துட்டு "இது இந்த ஊர் வவ்வால்"னு எழுதினா தப்பாயிடும். அதுக்காக குட்டி இருக்கறப்போ உள்ள போயிடாதீங்க, தாய் பதறிப் பறந்தா குட்டி கீழ விழுந்து செத்துடும், குட்டிங்க பறக்க ஆரம்பிச்சப்புறம் போங்க.

கொல்லவே வேண்டாம். றெக்கைத் தோல்ல 3 மில்லிமீட்டர் பஞ்ச், அதாவது வட்டமா வெட்டி எடுக்குற சின்னத் துண்டு, போதும், சில வாரத்துல ஆறிடும், அதுவும் கஷ்டம்னா புதுப் புழுக்கைல இருந்தே டிஎன்ஏ எடுக்கலாம், தரம் கொஞ்சம் கம்மி அவ்ளோதான். வனத்துறை அனுமதி, ரேபிஸ் தடுப்பூசி, கிளவுஸ், மாஸ்க் இல்லாம கால் வைக்காதீங்க.

இன்னொண்ணு, முதல்ல என்ன இனம்னு உறுதி பண்ணுங்க. கர்நாடகா கோலார் பக்கம் ஹனுமனஹள்ளில ஒரு இலைமூக்கு வவ்வால் இருக்கு, இன்னைக்கு தெரிஞ்ச வரைக்கும் அதுக்கு உலகத்துலயே அந்த ஒரே குகைதான். அது மாதிரி ஆளு மாட்டினா மட்டும் ஒரு குகை போதும், ஆனா றெக்கைல பஞ்ச் பண்ணாம புழுக்கையோட நிறுத்திக்கங்க.