பனியன் துணி, தறித்துணி, நெய்யாத் துணி: கேளுங்கள், சொல்கிறேன்

நிட்டிங், அதாவது நூலைக் கண் கண்ணாகப் பின்னிப் பனியன் துணி செய்வது பற்றி எதையும் கேட்கலாம். தறி, நெய்யாத் துணி பற்றித் தெரிந்தவரை சொல்கிறேன்.

நிட்டிங் யூனிட், திருப்பூர்: அண்ணா, 30-ஆம் நம்பர் கோம்டு நூல், 24 காஜ், சிங்கிள் ஜெர்சி. ஜி.எஸ்.எம். எவ்வளவு வரும்னு ஓட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். (புதியவர்களுக்கு: காஜ் என்பது அங்குலத்துக்கு எத்தனை ஊசி; சிங்கிள் ஜெர்சி, ஒரே வரிசை ஊசியில் பின்னும் பனியன் துணி; ஜி.எஸ்.எம்., ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை.) லூப் நீளத்தை, அதாவது ஒரு கண்ணுக்குச் செலவாகும் நூலைப் பிடித்தால் போதும். மாதிரிக்குக் கொஞ்சம் ஓட்டிய துணியில் 100 கண்களை எண்ணி இரு பக்கமும் பேனாவால் கோடு போடுங்கள். ஒரு வரிசை நூலை மட்டும் உருவி, சுருள் நிமிரும் அளவுக்கு மெல்ல இழுத்து, கோட்டுக்குக் கோடு அளக்கவும். 28 செ.மீ. வந்தால் லூப் 2.8 மி.மீ. பிறகு, துவைத்து உலர்ந்த துணியில் ஒரு செ.மீ.க்கு எத்தனை வரிசை (குறுக்கே ஓடுவது), எத்தனை கண் வரி (நெடுக்கே ஓடுவது) என்று எண்ணுங்கள். 18-ம் 14-ம் என்று வைத்துக்கொள்வோம். 30-ஆம் நம்பர் நூல் 19.7 டெக்ஸ்; அதாவது ஒரு கிலோமீட்டர் நூலின் எடை 19.7 கிராம். 18 × 14 × 2.8 × 19.7 ÷ 100 = 139. அதுதான் ஜி.எஸ்.எம்.

ஜி.எஸ்.எம். கட்டரில் (துணியை வட்டமாக வெட்டும் கருவி) வெட்டிச் சரிபாருங்கள். வட்டம் 100 சதுர செ.மீ. என்பதால் 1.39 கிராம் காட்ட வேண்டும். லூப்பை 2.7 ஆக்கினால் கண்கள் நெருங்கி, எடை ஏறக்குறைய 144-க்கு ஏறும்.

ஒன்றை மறக்காதீர்கள். மெஷினை விட்டு இறங்கிய பிறகு லூப்பின் வடிவம்தான் மாறுகிறது, அதிலுள்ள நூலின் நீளம் பெரிதாக மாறாது. ஸ்டென்டரில் (துணியை இழுத்துப் பிடித்து உலர்த்தும் இயந்திரம்) அகலத்துக்கும் நீளத்துக்கும் இழுத்துப் பிடித்தால் கிலோவுக்கு மீட்டர் கூடும். கணக்கில் லாபம்போலத் தெரியும். தண்ணீர் பட்டதும் லூப் தன் பழைய வடிவத்துக்கே போகும், சட்டை சுருங்கும். அதனால் நனைத்து, உலர்த்தி, அளந்து பார்க்காமல் வெட்டாதீர்கள்.

தையல் யூனிட், அவிநாசி: 160 ஜி.எஸ்.எம். வேணும். லூப் என்ன வைக்கச் சொல்லணும்?

நூல் நம்பரைச் சொல்லவில்லையே. மேலே உள்ள கணக்கில் உங்கள் நூலைப் போட்டுப் பாருங்கள்.

தையல் யூனிட், திருப்பூர்: ரவுண்ட் நெக் டி-ஷர்ட், ரெண்டு தடவை துவைச்சதும் பக்கத் தையல் முன்னாடி வந்துடுது. நிட்டிங்காரர் மில்லைச் சொல்றார், மில்காரர் சாயப்பட்டறையைச் சொல்றார். யார் குற்றம்?

பெரும்பாலும் நூலில்தான் தொடக்கம். ஒற்றை நூலின் முறுக்கு பிரியத் துடிக்கும். லூப்புக்குள் அடைபட்டிருப்பதால் லூப்பையே சாய்த்துவிடும். இசட் முறுக்கு (Z எழுத்தின் சாய்வில் ஓடும் முறுக்கு) நூலானால் கண் வரி வலப்பக்கம் சாயும்.

மெஷினின் பங்கும் உண்டு. 30 அங்குல டயா (விட்டம்) மெஷினில் 90 பீடர் (நூல் ஊட்டும் இடம்) ஓடினால் ஒரு சுற்றுக்கு 90 வரிசை ஏறும். அங்குலத்துக்கு 45 வரிசை என்றால் 2 அங்குல ஏற்றம். துணியின் சுற்றளவு சுமார் 66 அங்குலம் என்று கணக்கிட்டால் சாய்வு 1.7 பாகை. அதற்கு மேல் சாய்ந்திருந்தால் முதலில் நூலைச் சந்தேகியுங்கள்.

ஸ்பின்னிங் மில், பல்லடம்: எல்லாத்தையும் எங்க தலையில் போடாதீங்க. லூப்பைத் தளர்வா ஓட்டினா எந்த நூலும் சாயும்.

நீங்கள் சொல்வதும் சரி. தளர்ந்த லூப்பில் நூலுக்குத் திரும்ப இடம் கிடைக்கும், சாய்வு கூடும். ஆனால் கோன் (நூல் சுற்றிய கூம்பு) எதற்கானது என்று பாருங்கள். பனியன் நூலுக்கு முறுக்குக் காரணி (நூல் நம்பரின் வர்க்கமூலத்தோடு பெருக்கினால் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று தரும் எண்) 3.4 முதல் 3.6 வரை, தறிப் பாவு (நெடுக்கே ஓடும்) நூலுக்கு 4-க்கு மேல். 30-ஆம் நம்பரில் 3.6 வைத்தால் அங்குலத்துக்கு சுமார் 20 முறுக்கு, 4.2 வைத்தால் 23. விலை குறைவு என்று பாவுக் கோனை நிட்டிங்கில் ஏற்றினால் அந்த 3 முறுக்கின் வேலையைச் சட்டையில் பார்க்கலாம்.

சாயப்பட்டறை, பெருந்துறை: ஸ்டென்டரில் நாங்க நேராக்கித்தானே அனுப்புறோம்? அப்புறம் ஏன் எங்களைச் சொல்றாங்க?

நீங்கள் நேராக்கியது உண்மை. ஆனால் பருத்தியைப் பாலியஸ்டர்போலச் சூட்டில் நிலைநிறுத்த முடியாது. முதல் துவைப்பில் முறுக்கு மறுபடி எழும். நேராக இருப்பதைப் பார்த்து தையல்காரர் நம்பி வெட்டிவிடுவார், வழக்கு அதற்குப் பிறகுதான் வரும். நிலையான தீர்வுகள் வேறு: முறுக்கு குறைந்த நூல், நீராவியில் பதப்படுத்திய நூல், இறுக்கமான லூப், ஒரு பீடருக்கு இசட் அடுத்ததற்கு எஸ் முறுக்கு, அல்லது இரட்டை நூல். கடைசி இரண்டும் செலவு அதிகம்.

யார் குற்றம் என்று அறிய, துவைத்த துணியில் சாய்வை அளந்து, அதே துணியிலிருந்து நூலை உருவி முறுக்கையும் எண்ணுங்கள். 5 பாகைக்குள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் மூவரும் பேசிப் பயனில்லை.

மாணவி, கோவை: சார், சிங்கிள் ஜெர்சி ஓரம் ஏன் சுருளுது? இன்டர்லாக் ஏன் சுருளல?

வளைந்த நூல் நிமிரப் பார்க்கும். சிங்கிள் ஜெர்சியின் முகமும் முதுகும் ஒன்றல்ல என்பதால் இழுவை சமமாகாது. பக்க ஓரங்கள் முதுகுப்பக்கமும், மேல் கீழ் ஓரங்கள் முகப்பக்கமும் சுருளும். இன்டர்லாக்கில் சிலிண்டர் ஊசியும் (நிமிர்ந்து நிற்பது) டயல் ஊசியும் (படுக்கையாக இருப்பது) சேர்ந்து இரு பக்கமும் ஒரே முகம் தருகின்றன. இழுவைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

விசைத்தறி, சோமனூர்: கோடையில் பாவு அறுந்துக்கிட்டே இருக்குங்க.

கொட்டகையில் ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். வறண்டால் கஞ்சி போட்ட நூல் விறைத்து ஒடியும். ஒரே இடத்தில் அறுந்தால் அந்தப் பன்னைப் (பாவு நூல்களைப் பிரித்து வைக்கும் சீப்பு) பல்லோ விழுதுக் (பாவு நூலைத் தூக்கி இறக்கும் கம்பி) கண்ணோ தேய்ந்திருக்கும். எல்லா இடத்திலும் பிசிறு எழுந்து பக்கத்து நூலோடு சிக்கினால் கஞ்சி போதவில்லை. விழுதுக்குக் கீழே கஞ்சித் தூள் கொட்டிக்கிடந்தால் கஞ்சி கூடிவிட்டது, அல்லது நூலில் ஒட்டவில்லை.

தையல் யூனிட், ஈரோடு: 180 ஜி.எஸ்.எம்.க்கு லூப் எவ்வளவு?

மேலே கணக்கு இருக்கிறது. நூல் நம்பர் இல்லாமல் லூப் சொல்ல முடியாது. இதே கேள்விக்கு இனி பதில் தர மாட்டேன்.

கடைக்காரர், மதுரை: துணிப்பைன்னு விக்கிறாங்களே, நெய்யாத பை. அது துணியா?

அதில் நூலே கிடையாது. பாலிப்ரொப்பிலீனை உருக்கி இழைகளாகப் பொழிந்து, பரப்பி, சூடான உருளையில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பார்கள். ஓரத்திலிருந்து நூல் உருவிப் பாருங்கள், வராது. துணுக்கைக் கொளுத்தினால் உருகிச் சொட்டும், மெழுகு வாடை வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் இந்தப் பையும் உண்டு. வாங்கி அடுக்காதீர்கள்.

வாசகர், சேலம்: பட்டுச் சேலையில் கோர்வை எப்படிப் போடறாங்க?

கோர்வை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி ஊடையில் நெய்து இணைப்பது, என் துறை இல்லை. காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் கேளுங்கள்.

நிட்டிங் யூனிட், திருப்பூர்: அண்ணா, நனைச்சு அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவசர ஆர்டர்.

ஒரு துவைப்பு, ஒரு உலர்த்தல், அப்புறம் விரித்துப் போட்டு குறைந்தது நான்கு மணி நேரம். இன்று மாலையே துவைத்தால் நாளைக் காலை கட்டிங்குக்கு அளவு கையில் இருக்கும்.