கட்டணத்துக்கு மேல் வந்த காசோலை: வழக்கு யார் மீது?

கேள்வி: நான் பல ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன், பெயர்பெற்ற ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் திட்ட மேலாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மின்னஞ்சலில் வேலை கொடுத்தார். நிறுவனத்தைப் பற்றி விசாரித்தேன். முறையான பதிவும் நல்ல மதிப்பீடுகளும் இருந்தன. இரவு பகல் பாராமல் உழைத்து வேலையை முடித்துக் கொடுத்தேன். பேசிய கட்டணத்தைப் போல் மூன்று மடங்குக்கு, வங்கியே வழங்கியது போன்ற ஒரு காசோலை வந்தது. மீதித் தொகை மெய்ப்புப் பார்த்தவருக்கு உரியது, அவருடைய கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பணம் என் கணக்கில் ஏறிய பிறகுதான் அனுப்பினேன். சில வாரங்களில் காசோலை போலி என்று சொல்லி வங்கி முழுத் தொகையையும் திரும்ப எடுத்துக்கொண்டது. வங்கி மேலாளர் என்னைக் குற்றவாளியைப் போல நடத்தினார். நிறுவனம் “எங்களுக்குத் தொடர்பில்லை” என்று ஒரே வரியில் கைகழுவியது. மனம் பொறுக்காமல் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு, மோசடிக்காரர்கள் என்று பொதுவில் எழுதினேன். அதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இதற்கிடையில் அந்தத் திட்ட மேலாளர், வங்கியின் தவறு என்று வருத்தம் தெரிவித்து மாற்றுக் காசோலை அனுப்பியிருக்கிறார். அதை இன்னும் வங்கியில் போடவில்லை. நிறுவனம், வங்கி இரண்டின் மீதும் வழக்குத் தொடரலாமா? மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை என்னிடம் இருப்பதை வைத்து நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: உங்கள் உழைப்பு வீணானதும், மேலாளர் பேசிய விதமும், நிறுவனத்தின் ஒற்றை வரிப் பதிலும் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இவற்றில் எதையும் நீதிமன்றம் எடைபோடப் போவதில்லை. உங்கள் வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: நீங்கள் யாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள்?

அந்த நிறுவனத்துடன் நீங்கள் ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. ஒருவர் தன்னை ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்வதாலேயே அந்த நிறுவனம் கட்டுப்பட்டுவிடாது. அவருக்கு அதிகாரம் உண்டு என்ற தோற்றத்தை அந்த நிறுவனமே தன் சொல்லாலோ நடத்தையாலோ உண்டாக்கியிருக்க வேண்டும். நீங்கள் இணைத்துள்ள மின்னஞ்சல்களில் அனுப்பியவரின் முகவரி நிறுவனத்தின் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, போலவே தோன்றினாலும், பெயரின் நடுவே ஒரு சிறு கோடு கூடுதலாக இருக்கிறது. நிறுவனத்தின் உண்மையான அஞ்சல் அமைப்பிலிருந்து அது வந்திருந்தாலோ, அங்குள்ள ஊழியர் ஒருவர் இதில் சம்பந்தப்பட்டிருந்தாலோ, நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். இப்போதைய நிலையில் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால் முதல் கட்டத்திலேயே தள்ளுபடியாகும். எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

வங்கியின் மீதான வழக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். காசோலையைப் போட்டதும் கணக்கில் தெரியும் தொகை தற்காலிக வரவு மட்டுமே. காசோலை செல்லாமல் திரும்பினால் அந்த வரவை ரத்து செய்யும் உரிமையை, கணக்குத் தொடங்கும்போது நாம் கையெழுத்திடும் நிபந்தனைகளிலேயே வங்கிகள் எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் காசோலைத் தொகையைக் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் வாடிக்கையாளர் எடுக்க அனுமதித்தாக வேண்டும் என்று வங்கிகளுக்கு விதியே உண்டு; ஆனால் அது போலி என்று வெளிப்பட வாரக்கணக்கில் ஆகலாம். மோசடி முழுவதும் இந்த இடைவெளியை நம்பியே நடக்கிறது. “காசோலை இறுதியாகத் தீர்வாகிவிட்டது, இனித் திரும்பாது” என்று வங்கி ஊழியர் எவரேனும் உங்களுக்கு எழுத்தில் உறுதி தந்திருந்தால் மட்டும் அதை என்னிடம் காட்டுங்கள். இல்லையென்றால் வழக்கு எண்ணத்தை விட்டுவிட்டு வங்கியோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். அசலைத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டு, வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்யும்படி எழுதிக் கேளுங்கள். காவல்துறையில் கொடுத்த புகாரின் நகலோடு, நாணயமாக முன்வரும் வாடிக்கையாளரிடம் வங்கிகள் இதற்கு இறங்கி வருவது உண்டு. வழக்குத் தொடுத்த பிறகு அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

பதிப்புரிமையைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தம், மூல ஆசிரியரின் உரிமைக்குப் பாதகமில்லாமல், மொழிபெயர்ப்பைத் தனிப் படைப்பாகவே பாதுகாக்கிறது. ஆனால் உரிமை இருப்பது வேறு, அதைக் கொண்டு பணம் வசூலிப்பது வேறு. நீங்கள் அனுப்பிய மூலப் பிரதியின் இரண்டு வாக்கியங்களைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தேன். அது எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொது அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. உங்கள் மொழிபெயர்ப்பை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. அந்த ஆளுக்கு உங்கள் மொழிபெயர்ப்பு தேவைப்படவே இல்லை, உங்கள் வங்கிக் கணக்குதான் தேவைப்பட்டது.

இனி, உங்களை உண்மையில் அச்சுறுத்தும் ஆபத்துக்கு வருகிறேன். இப்படி ஏமாந்து என்னிடம் வருகிறவர்கள் இழந்த பணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கலில் தாங்கள் நிற்பதை அவர்கள் உணர்வதில்லை. ஆவணங்களை மட்டும் பார்க்கும் ஒரு விசாரணை அதிகாரிக்கு என்ன தெரியும்? போலிக் காசோலையை வங்கியில் போட்டவர் நீங்கள். அதில் கிடைத்த பணத்தை முன்பின் தெரியாத மூன்றாம் நபருக்கு அனுப்பியவரும் நீங்கள். ஒரு பகுதியை வைத்துக்கொண்டவரும் நீங்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்றிவிடும் இடைத்தரகரின் நடவடிக்கை காகிதத்தில் இப்படியேதான் இருக்கும். காசோலைக்குப் பதில் நேரடி வங்கிப் பரிமாற்றமாகப் பணம் வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், ஏனென்றால் அது பெரும்பாலும் இன்னொருவரின் கணக்கிலிருந்து திருடிய பணமாக இருக்கும். உங்களையும் அந்த இடைத்தரகரையும் பிரித்துக் காட்டுவது ஒன்றே ஒன்று: உங்களுக்கு இது மோசடி என்று தெரியாது, சந்தேகிக்கக் காரணமும் இல்லை என்பது.

அந்த ஒன்றைத்தான் பலர் தம் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். ஏமாந்த கோபத்தில் மோசடிக்காரருக்கே மின்னஞ்சல் எழுதுகிறார்கள். “எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான்” என்று அதில் ஒரு வரி இருக்கும். அவமானத்தில் நண்பர்களிடம் சொல்லும்போதும் நாம் எல்லோருமே கொஞ்சம் முன்யோசனைக்காரராகக் காட்டிக்கொள்வோம், அது மனித இயல்பு. ஆனால் வழக்கில் அந்த வரி, தெரிந்தே பணத்தை அனுப்பினார் என்பதற்கு உங்கள் வாயாலேயே தந்த சாட்சியம். நீங்கள் பொதுவில் எழுதிய பதிவின் மூன்றாம் பத்தியில், “இவ்வளவு பெரிய தொகை ஏன் என்று அப்போதே உறுத்தியது” என்று எழுதியிருக்கிறீர்கள். இனி இந்த விஷயத்தில் யாருக்கும், எங்கும், உங்கள் வழக்கறிஞர் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அதே வேளையில் எதையும் அழிக்கவும் வேண்டாம். வெட்கப்பட்டு மின்னஞ்சல்களை நீக்கிவிட்டு என் முன்னால் வந்து அமர்ந்தவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடிந்ததில்லை. ஸ்க்ரீன்ஷாட்கள் போதாது. வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல்களோடு மின்னஞ்சல்களை அவற்றின் மூல வடிவிலேயே சேமித்து, காசோலை வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன்: அந்த நிறுவனத்தோடு உடனே சமாதானமாகப் போய்விடுங்கள். அவதூறு வழக்கில் உண்மை ஒரு தற்காப்புதான், ஆனால் நீங்கள் எழுதியது உண்மையல்ல. அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. அவர்கள் பெயரையும் அதே ஆள்தான் திருடியிருக்கிறான். பதிவின் நகலை வழக்கறிஞரிடம் கொடுத்துவைத்துவிட்டு, பதிவைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். சுருக்கமான திருத்தம் ஒன்று வெளியிட்டு, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த மின்னஞ்சல்கள் தங்களுடையவை அல்ல, தங்கள் பெயரில் வேறு யாரோ அனுப்பியவை என்று அவர்கள் ஒரு கடிதம் தரட்டும். வங்கியிடமும் காவல்துறையிடமும் நீங்கள் ஏமாற்றப்பட்டவர் என்று நிறுவ இதைவிடப் பலமான ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் எதிராளி என்று நினைத்தவரே உங்களின் முக்கியமான சாட்சி.

இன்னும் சில நாட்களில், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது உங்களைத் தேடி வரலாம். முன்கட்டணம் கேட்பார்கள். ஏமாந்தவர்களின் விவரம் இத்தகைய கும்பல்களிடையே கைமாறுவது உண்டு. நீங்கள் அனுப்பிய தொகையை வங்கி வழியாகத் திரும்ப அழைக்கக் கோரலாம், கோரியும் இருப்பீர்கள். ஆனால் அது முதல் சில மணி நேரங்களுக்குள் நடந்தால்தான் பெரும்பாலும் பலிக்கும். அதைத் தாண்டி மந்திரக்கோல் வைத்திருப்பவர் யாரும் இல்லை.

விசாரித்த பிறகும் எப்படி ஏமாந்தேன் என்று கடிதத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிறுவனத்தைச் சரிபார்த்தீர்கள். உங்களுக்கு எழுதியவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்று சரிபார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கான புரோஸ் தளத்தில், வேலை கொடுப்பவர்களை மதிப்பிடும் ப்ளூ போர்டு என்ற பகுதியில் நல்ல மதிப்பீடு இருப்பதும், பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் போன்ற பதிவேட்டில் பெயர் இருப்பதும், ஐரோப்பிய ஒன்றியத்தின் வீஸ் தளத்தில் வரி எண் செல்லுபடியாவதும் அப்படி ஒரு நிறுவனம் உண்டு என்பதற்கு மட்டுமே சான்று. நற்பெயர் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தே மோசடிக்காரர் அதன் பெயரைத் திருடுகிறார், ஆகவே இந்தச் சோதனைகள் எல்லாம் அவருக்கே சாதகமாக முடிகின்றன.

எழுதியவரையும் நிறுவனத்தையும் இணைக்கும் சோதனை எளியது. மின்னஞ்சலில் தந்த தொலைபேசி எண்ணை ஒதுக்கிவிட்டு, நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தை நீங்களே தேடிப் போய், அங்குள்ள எண்ணிலோ முகவரியிலோ, இன்ன பெயருள்ளவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, இந்த வேலையை அவர்தான் கொடுத்தாரா என்று கேளுங்கள். உண்மையான நிறுவனம் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. அனுப்பிய முகவரியும், பதில் போய்ச் சேரும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். இணைய டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் டொமைனின் பதிவுத் தேதி கிடைக்கும்; 2018-க்குப் பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டாலும் தேதி தெரியும். பல ஆண்டுகளாக இயங்கும் நிறுவனத்தின் டொமைன் போன மாதம் பதிவாகியிருக்க நியாயமில்லை. பதிவு எண், முகவரி, கட்டணம், தவணை ஆகியவற்றோடு கையெழுத்திட்ட பணி ஆணை வரும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். பெரிய வேலையென்றால் முன்பணம் வாங்குங்கள், பகுதி பகுதியாக ஒப்படையுங்கள். பேசியதைவிட அதிகம் அனுப்பிவிட்டு மீதியை இன்னொருவருக்குத் தரச் சொன்னால், காரணம் எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்குச் சம்பளம் தர வேண்டியவர் அவரை வேலைக்கு அமர்த்தியவர்.

கடைசியாக, கையில் இருக்கும் அந்த இரண்டாவது காசோலை. அதை எந்தக் காரணத்துக்காகவும் வங்கியில் போடாதீர்கள். முதல் காசோலையைப் போட்டபோது உங்களுக்குத் தெரியாது என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் வாதாட முடியும்; இரண்டாவதற்கு அந்த வாதம் கிடையாது. காசோலையை அதன் உறையோடு, நாளையே, புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.