பழம்பொருள் கேள்வி – பதில்

கேள்வி: 1942இல் யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து திரும்பிய எங்கள் பாட்டனார் உடன் கொண்டுவந்தது என்று, கைகள் நீண்ட ஒரு சாய்வு நாற்காலியை வீட்டில் காட்டுகிறார்கள். பார்க்க வந்த வியாபாரி, "மரம் பர்மா தேக்குதான், நாற்காலி அண்மையில் செய்தது" என்கிறார். உண்மையை எப்படி அறிவது? என்ன விலை கேட்கலாம்? – வாசகர், தேவகோட்டை.

பதில்: முதலில் அந்தக் குடும்பக் கதையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 1942இல் பர்மாவை விட்டு வந்தவர்களில் மிகப் பலர் பர்மாவின் மேற்குக் கரையோரப் பகுதியான அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தவர்கள். உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது என்றிருந்த அந்தப் பயணத்தில் சாய்வு நாற்காலியைச் சுமந்து வந்திருக்க முடியாது. யுத்தத்துக்கு முன்னரே கப்பலில் வந்திருக்கலாம், அல்லது கப்பலில் வந்த பர்மா மரத்தைக் கொண்டு உங்கள் ஊர்ப் பக்கத்துத் தச்சரே செய்திருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்; அதனால் நாற்காலிக்குக் குறைவொன்றும் இல்லை.

வியாபாரி சொன்னதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இடித்த வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் அறுத்துப் புது நாற்காலி செய்து விற்பது காரைக்குடி வட்டாரத்தில் நெடுநாளாக நடக்கும் தொழில். ஆகவே மரத்தின் வயது வேறு, நாற்காலியின் வயது வேறு.

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கையால் செய்தவர் கண்ணில் படாத இடத்தை மெனக்கெட்டு இழைக்கமாட்டார். விரலால் தடவினால் இழைப்புளி ஓடிய மெல்லிய அலைகள் தட்டுப்படும். வட்ட ரம்பத்தின் வளைந்த கோடுகள் தெரிந்தால், அந்தச் சட்டம் இயந்திரத்தில் அறுபட்டது. சட்டங்கள் சேரும் இடத்தில் துளையும் முளையுமாகச் செருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருந்தால் அது நல்ல அடையாளம். கூட்டல் குறி போன்ற தலையுள்ள ஸ்டார் திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது ஒன்றிரண்டு இருந்தால் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள், எல்லாமே அதுவாக இருந்தால் வியாபாரி சொன்னது சரி. எதற்கும் பயன்படாத பழைய ஆணித்துளைகள் மரத்தூள் பசையால் அடைபட்டுக் கிடந்தாலும், அந்த மரம் முன்பு வேறொன்றாக இருந்தது என்று பொருள்.

கடைசல் பிடித்த உருண்டையான நாற்காலிக் காலின் குறுக்களவை வெர்னியர் அளவியால் இரு திசைகளில் அளந்து பாருங்கள். மரம் காலப்போக்கில் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. தேக்கு குறைவாகவே சுருங்கும் என்றாலும், பழைய காலில் அரை மில்லிமீட்டர் அளவுக்காவது வித்தியாசம் காட்டக்கூடும். முன்பே உலர்ந்துபோன உத்தரத்திலிருந்து அண்மையில் கடைந்த கால் ஏறக்குறைய வட்டமாகவே இருக்கும்.

விலையைப் பொறுத்தவரை, நேரில் பாராமல் தொகை சொல்வது முறையன்று. ஆனால் யாராவது கன அடிக் கணக்கில் விலை பேசினால் உடன்படாதீர்கள். ஒரு சாய்வு நாற்காலியில் ஒன்றிரண்டு கன அடிக்கு மேல் மரம் தேறாது, அந்தக் கணக்கு மரக்கடைக் கணக்கு. கடைகளில் எழுதி வைத்திருக்கும் விலையையும் நம்பாமல், இதே போன்ற நாற்காலி உண்மையில் கைமாறிய தொகையை மூன்று நான்கு இடங்களில் விசாரியுங்கள். கைகள், கால்கள் எல்லாம் முதலில் செய்தவையாகவே இருப்பதும், ஜோடி நாற்காலி கிடைப்பதும் விலையை ஏற்றும். பிரம்பைப் புதிதாகப் பின்னியிருப்பது பெரிய குறையன்று. பிரம்பு அறுந்துபோகும் பொருள்தானே.

கேள்வி: பழைய மர நாற்காலியை விற்பதற்கு முன் தேய்த்துப் பாலிஷ் போடலாமா? – வாசகர், கோவை.

பதில்: வேண்டாம். கைப்பிடியின் நுனியில் பல தலைமுறைக் கைகள் பட்டு ஏறிய கருமையை உப்புத்தாள் அரை மணி நேரத்தில் போக்கிவிடும். பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பழைய அரக்குப் பாலிஷா என்று அறிய, மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள், அரக்கு என்றால் பிசுபிசுக்கும். உலர்ந்த துணியால் தூசி துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தாத்தாவின் நாற்காலியை அனுப்பலாமா? – வாசகி, மதுரை.

பதில்: 100 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆன பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அவ்வளவு பழையதன்று என்று நீங்கள் கருதினால், மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே கப்பல் முகவரிடம் பேசுங்கள். மரம் ஈட்டி மரமாக (ரோஸ்வுட்) இருந்தால் அதற்கான ஏற்றுமதி விதிகள் தனி. அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.