மைக்கில் பேசினால் தண்ணீரில் கோலம் விழவில்லையா?
உங்கள் கண்காட்சியில், போனில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அதிர்வு) ஒலி வைத்தால் ஸ்பீக்கர் மேலுள்ள தட்டுத் தண்ணீரில் அழகாகக் கோலம் விழுகிறது, பார்வையாளர்கள் மைக்கில் பேசினால் வெறும் நடுக்கம்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், பணம்தான் வீண். பேச்சில் சுருதி ஓயாமல் மாறும். அலை நிலைகொள்ள நேரமே கிடைக்காது. ஒரே சுருதியில் "ம்ம்ம்" என்று இழுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மேலும் கீழும் அதிரும் தண்ணீரின் மேற்பரப்பு அந்த அதிர்வெண்ணில் பாதியில்தான் அலையும். இதை ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1831-லேயே பதிவு செய்துவிட்டார். 100 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அலைநீளம் சுமார் 6 மில்லிமீட்டர். 400 கொடுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். பெண்கள், குழந்தைகள் குரலில் கோலம் பொடிப்பொடியாகிவிடும், அதை எழுப்பக் கூடுதல் விசையும் வேண்டும். அதனால் மென்பொருளில் குரலை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு, இறக்குங்கள் (குழந்தைகளுக்கு இரண்டு ஸ்தாயி), 150 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை வடிகட்டிவிடுங்கள். கண்காட்சியில் யாரும் இதைக் குறையாகச் சொல்லப் போவதில்லை.

தண்ணீர் சில மில்லிமீட்டர் ஆழம் போதும், எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. தட்டின் அடிப்பக்கம் கறுப்பாகவும், மேலே வட்ட எல்இடி விளக்கும் இருந்தால் கோடுகள் பளிச்சென்று தெரியும். தட்டை ஸ்பீக்கர் கூம்போடு ஒட்டியிருக்கிறீர்களா, சும்மா மேலே வைத்திருக்கிறீர்களா? சும்மா வைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.