வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: தீரர் சத்தியமூர்த்தி

(பூண்டி ஏரியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது விடுதலைப் போராட்டக் காலக் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் பெயரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில.)

சத்தியமூர்த்தி வழக்கறிஞரா, மேடைப் பேச்சாளரா? எதை அவருடைய தொழில் என்று சொல்வது? – வாசகர், புதுக்கோட்டை

உங்கள் ஊர்க்காரரைப் பற்றி நீங்களே கேட்கிறீர்கள்! 1887 ஆகஸ்ட் 19-இல் திருமயத்தில் பிறந்த அவர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். வக்கீல் அங்கி அணிந்த அதே நாட்களில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் அரிதாரமும் பூசினார். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்ற நுட்பத்தை நாடக மேடையிலும், எதிராளியின் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கும் வித்தையை நீதிமன்றத்திலும் கற்றார் என்பது என் கணிப்பு. பணம் சேர்க்கும் வழியில் மட்டும் அவருடைய வக்கீல் தொழில் போகவே இல்லை.

ஒத்துழையாமை பேசிய காங்கிரஸ்காரர் ஆங்கிலேயர் அமைத்த சபையில் போய் உட்கார்ந்தது முரண் அல்லவா? – வாசகி, மதுரை

இதே கேள்வியை அன்றைய காங்கிரசுக்குள்ளேயே பலர் கேட்டனர். சி.ஆர். தாசும் மோதிலால் நேருவும் தொடங்கிய சுயராஜ்யக் கட்சியினர், சபையை வெளியிலிருந்து புறக்கணிப்பதைவிட உள்ளே சென்று ஆட்சியைத் திணறடிப்பதே மேல் என்று வாதிட்டனர். அந்த அணியில் நின்று சத்தியமூர்த்தி 1923-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி சென்னை மாகாணத்தில் தனிப்பெருங் கட்சியாக வந்தும் அமைச்சரவை அமைக்க மறுத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் பதவிக்காகப் போகவில்லை என்பது புரியும்.

அவருடைய முழுத் திறமையும் வெளிப்பட்டது டில்லியில்தான். 1934-இல் நீதிக்கட்சியின் ஆற்காடு இராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குச் சென்று, புலாபாய் தேசாய் தலைமையிலான காங்கிரஸ் அணியின் துணைத் தலைவரானார். கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுக்க, அரசுத் தரப்பில் ஓர் உறுப்பினர் அதிகாரிகள் தயாரித்த பதிலை எழுந்து வாசிப்பார். இதுவரை எல்லாம் சடங்குதான். அதற்குப் பிறகு கேட்கும் துணைக் கேள்விக்குக் காகிதம் கிடையாது. அந்த இடத்தைத்தான் சத்தியமூர்த்தி குறுக்கு விசாரணைக் கூண்டாக மாற்றினார். பதிலில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்து ஒன்று, அதற்கு வரும் மழுப்பலைப் பிடித்து இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார். வாக்கெடுப்பில் தோற்றாலும் தலைமை ஆளுநரின் அதிகாரத்தால் தான் நினைத்ததைச் செய்துகொள்ள முடிந்த அரசை, காரணம் சொல்ல வைப்பதே அங்கே இயன்ற பெரிய வெற்றி.

அவர் எல்லாவற்றிலும் முற்போக்காளர்தானா? – வாசகர், சேலம்

இல்லை. 1927-இல் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தபோது, சத்தியமூர்த்தி கோயில் மரபின் பக்கம் நின்று எதிர்த்தார். வாதத் திறமை எந்தப் பக்கமும் வேலை செய்யும். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணித்துப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

ஒரே ஆண்டு மேயராக இருந்தவரால் ஓர் ஏரியைக் கட்ட முடிந்தது எப்படி? – வாசகி, திருவள்ளூர்

கட்டவில்லை, கட்ட வைத்தார். 1939-இல் அவர் சென்னை மேயரானபோது நகரம் செங்குன்றம் ஏரியை நம்பியிருந்தது; தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அந்த ஆண்டிலேயே போர் மூண்டது, காங்கிரஸ் அமைச்சரவையும் பதவி விலகியது. ஆகவே, எந்த ஆட்சியை மேடைதோறும் சாடினாரோ அதே ஆளுநர் ஆட்சியிடம்தான் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கேட்டு வாதாட வேண்டியிருந்தது. வாதாடி வென்றார், 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. போர்க்காலத்தில் குடிநீருக்குப் பணம் ஒதுக்க வைத்ததை நான் அவருடைய டில்லிப் பேச்சுகளுக்கும் மேலாக மதிக்கிறேன். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்தத் தேக்கத்துக்குத்தான் 1996 முதல் கிருஷ்ணா நீரும் வந்து சேர்கிறது.

காமராஜருக்கு அவர் குரு என்பது உண்மையா? – வாசகர், விருதுநகர்

உண்மை. 1936-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக அவர் இருந்தபோது காமராஜர் செயலாளர். 1940-இல் காமராஜர் தலைவரானதும் குரு அவருக்குக் கீழே செயலாளராக அமர்ந்தார். நம் கட்சிகளில் இப்படி இறங்கி உட்கார்ந்த மூத்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி, மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் (ஆந்திரத்து அமராவதி அல்ல) கொண்டு செல்லப்பட்ட பயணத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, அதிலிருந்து மீளாமலே 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு.